எல்லாரும் சுகம்

"தம்பி, நீங்க எந்தப் பக்கத்துப் பல்லுல மெல்லுவீங்க?"

கிள்ளான் அக்கா என்னிடம் முதன்முதலில் பேசியது இதுதான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. வலது கன்னம் நன்றாக வீங்கியிருந்தது. இடது பக்கம் என்று சொன்னேன். "அப்ப வலது பக்கம் சும்மாவே கெடக்குதா, பாவம்" என்றார். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, முப்பது வயதை நெருங்கும் ஓர் அரசாங்கக் குமாஸ்தா, வாயைப் பிளந்து வலது பக்கத்துப் பற்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தான்.

அவர் கேட்பதற்குச் சமயம் சந்தர்ப்பம் எதுவும் கிடையாது. எங்கள் முதல் பேச்சே ஓர் எழவு வீட்டில்தான் நடந்தது. என்னோடு வேலை செய்தவரின் தகப்பனார் கிள்ளானில் தவறிவிட்டார். எழுபதுகளின் கடைசி அது. நானும் பெனடிக்டும் போயிருந்தோம். பெனடிக்ட் மலாக்காவிலிருந்து வந்த, வெள்ளையர் கலப்பு வம்சத்து யூரேசியர். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், சனிக்கிழமை மாலைகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிளப்பில் சாக்ஸபோன் வாசிப்பார். அவருக்குப் பின்னால் நின்று, என்னைவிட உயரமான டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தும் தும் என்று தட்டுகிறவன் நான். மூன்றாவது ஆள் ஆ சோங், ட்ரம்ஸ்.

கிள்ளான் அக்கா ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை செய்தார். அந்தப் பக்கத்தில் தமிழர் வீட்டில் சாவு என்றால் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். மற்றவர்கள் பாடும் ஒப்பாரியை நான் கேட்டிருக்கிறேன். தங்கத் தேர், மாணிக்கத் தூண், மலையாளப் பாக்கு என்று எந்த வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி வரும். இவர் அப்படிப் பாட மாட்டார். போய் உட்கார்ந்ததும் விசாரணை நடத்துவார்.

அன்று அந்த வீட்டம்மா அழவே இல்லை. காலையிலிருந்து கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "அண்ணன் தேத்தண்ணியில சீனி எத்தன கரண்டி போட்டுக்குவாரு?" என்று கேட்டார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "மூனு."

"டாக்டர் ஒன்னும் சொல்லலையா?"

"சொன்னாரு. ஒரு கரண்டிதான்னு சொன்னாரு. நான் ஒன்னுதான் போடுவேன். அவரு நான் பாக்காதப்ப ரெண்டு போட்டுக்குவாரு. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்குவேன்."

அக்கா அதையே எடுத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். மறைத்து வைத்த கரண்டி, பார்த்தும் பார்க்காத கண், இனிப் பூட்டத் தேவையில்லாத சீனி டப்பா. இரண்டாவது அடியிலேயே அந்த அம்மா உடைந்து அழுதுவிட்டார். கூடியிருந்தவர்கள் பாதிப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன், வெட்கமென்ன இதில்.

பெனடிக்டுக்குத் தமிழில் சோறு, தண்ணி, போடா மூன்றும்தான் தெரியும். ஆனால் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "மேன், இது ப்ளூஸ்" என்றார். கிராமபோன் தட்டுகளில் நாங்கள் விழுந்து விழுந்து கேட்ட அமெரிக்கக் கறுப்பு மக்களின் துக்கப் பாட்டும் இதே வழியில்தான் போகும். ஒரு வரியைச் சொல்வது, அதையே கொஞ்சம் வளைத்து இன்னொரு தரம் சொல்வது, மூன்றாவது வரியில் விஷயத்தைப் போட்டு உடைப்பது. இருபது வருடமாகத் தட்டில் தேடியதைக் கிள்ளானில் கேட்டுவிட்டேன் என்று திரும்பும் வழியெல்லாம் பெனடிக்ட் புலம்பினார்.

பெனடிக்ட்தான் அவரை எங்களோடு பாடக் கூப்பிட்டார். அக்கா உடனே சரி சொல்லவில்லை. இரண்டு வாரம் யோசித்தார். பிறகு பெட்டாலிங் ஜெயாவிலிருந்த பெனடிக்ட் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சாக்ஸபோனைக் காட்டி, "இது யாருக்காக அழுவுது?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். பெனடிக்ட், தன்னை விட்டுப் போன மனைவிக்கு என்றார்.

"அவங்க எங்க இருக்காங்க?"

"ஈப்போவில். நன்றாகத்தான் இருக்கிறாள்."

"நல்லாத்தான இருக்காங்க. அப்ப ஏன் இவ்ளோ சத்தம்?"

பெனடிக்ட் அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்துவிட்டார். அவர் வாசிப்பே மாறிப்போனது. சங்கீதப் பள்ளியில் படித்தவர்கள் சொல்லியும் கேட்காத ஆள்.

அடுத்து அக்கா ஆ சோங்கிடம், இந்த வாரம் என்ன தொலைத்தாய் என்று கேட்டார். அவன் நான்கு வருடம் வளர்த்த மெர்பொக் புறா, கூண்டுக் கதவைச் சரியாகச் சாத்தாததால் பறந்துவிட்டதாம். எங்களிடம் அவன் சொல்லவே இல்லை. அது என்ன தின்னும், எத்தனை மணிக்குக் கத்தும், கூப்பிட்டால் எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கும் என்று அக்கா மலாயில் கேட்டுக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் அந்தப் புறாவுக்கு ஓர் ஒப்பாரி கட்டிவிட்டார். ஆ சோங் குச்சிகளை வைத்துவிட்டு, ட்ரம்ஸ் வருடுகிற கம்பிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, கூண்டு ஆடுகிற மாதிரி மெல்லத் தட்டினான்.

இப்படித்தான் எட்டுப் பாட்டுச் சேர்ந்தது. பிடுங்கிய பல்லுக்கு ஒன்று. ஓட்டத்தை நிறுத்திவிட்ட ஒரு பஸ்ஸுக்கு ஒன்று. மாற்றலாகிப்போன தலைமையாசிரியைக்கு ஒன்று. அக்கா வீட்டில் ரிப்பேராகி நின்ற பிரிட்ஜுக்கு ஒன்று. அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, இந்த எட்டில் செத்தவர்கள் யாரும் வரக் கூடாது.

"ஏன் அக்கா?"

"எழவு வீட்டுல நான் பாடுறத எல்லாரும் அங்கயே விட்டுட்டுப் போயிருவாங்க தம்பி. வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்துனா அதோட சரி. யாரும் கொண்டு போகக் கூடாது, கொண்டு போனா வீட்டுக்கு ஆகாது. முப்பது வருசமாப் பாடுறேன். ஒரு பாட்டு ஒரு வீட்டுக்குள்ள போனதில்ல. உசுரோட இருக்கறவங்க, ஹால்ல உக்காந்து, சும்மா ஒரு நாள்ல, என் பாட்டக் கேக்கணும். ஒரு வீட்டுல கேட்டாப் போதும்."

எட்டையும் ஒரு கேசட்டாகப் போட முடிவு செய்தோம். அதற்குப் பெயரும் அவர்தான் வைத்தார். எல்லாரும் சுகம். வாங்குகிறவர்களுக்குப் பயம் இருக்கக் கூடாதல்லவா. எண்பதுகளின் நடுவில், ஒரு கடைவீட்டின் மாடியிலிருந்த சின்ன ஸ்டூடியோவில், ஒரு சனி ஞாயிறில் பதிவு செய்தோம். பிரிட்ஜ் பாட்டை மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. காரணம் நாங்கள்தான்.

"வெள்ளச் சட்ட மாப்பிள்ள போல
மூலையில நின்னவனே, என் ராசா"

என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் சிரித்தால் ஆ சோங் சிரிப்பான். ஒலிப்பதிவு செய்தவரும் கண்ணாடிக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். அக்கா பொறுமையாக எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முடிந்ததா என்று கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அந்தக் கேசட்டைப் பற்றி நான் பெருமையாகச் சொல்வேன், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அந்தக் குரல் சுருதிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி ஏறும். பெனடிக்ட் அதற்குப் பதில் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் போல உம் கொட்டுவார். நான் என் வாழ்க்கையில் ஒழுங்காக வாசித்தது அந்த இரண்டு நாள்தான்.

கேசட் விற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் பாதிப் பாட்டு கேட்டார். உண்மையிலேயே ரசித்தார். பிறகு, "குரல் தங்கம் அக்கா. ஆனா கடையில போட முடியாது லா. காலையில கதவத் தொறந்து ஒப்பாரி போட்டா யாரு உள்ள வருவா?" என்றார்.

"ஒப்பாரி ராகந்தான் தம்பி. யாரும் சாகல."

"எனக்குத் தெரியுது அக்கா. ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா?"

வாங்க முன்வந்தவர் ஒரே ஒருவர். சவ ஊர்வல வண்டி வைத்திருந்தவர். மொத்தமாகக் கொடுங்கள், வண்டியில் போடுகிறேன் என்றார். அக்கா முடியாது என்றுவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது, நாலு பேராவது கேட்பார்களே என்று. "அங்கதான் எனக்கு ஏற்கெனவே எடம் இருக்கே" என்றார் அக்கா.

ஆகவே அவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா? பார்க்கும்போதெல்லாம் கேள்விதான். வீட்டுல போட்டீங்களா? லோரிக்காரர் லோரியில் போட்டாராம். டாக்சிக்காரர் ஆள் ஏறாத நேரத்தில் போட்டாராம். தையல்காரர் காதில் மாட்டிக் கேட்டாராம், வெளியில் சத்தம் வராமல். கேண்டீனுக்குச் சாப்பிட வரும் டீச்சர் ஒருவர், மாமியார் கோயிலுக்குப் போகட்டும் என்று மூன்று மாதமாகக் காத்திருந்தார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. வீட்டுக்குள் மட்டும் யாரும் போடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கிள்ளானில் வேலையாகப் போனவன், அவர் கேண்டீனுக்கு மீ கோரேங் சாப்பிடப் போனேன். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீங்க போட்டீங்களா தம்பி?"

நான் போடவில்லை. ஸ்டூடியோ டேப்பைப் பெனடிக்ட் வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். எனக்குக் கொடுத்த கேசட் மட்டும், மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல், அலமாரியில் என் இசைக் குறிப்புத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. அப்பா இறந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி, வீட்டைக் கழுவித் துடைத்து, நல்லது கெட்டது பார்க்கிறவர். அவர் காதில் ஒப்பாரி ராகம் விழுந்தால் வீடு ரெண்டுபட்டுப்போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "போட்டேன் அக்கா. அம்மாகூடக் கேட்டாங்க" என்றேன்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். விடுவாரா அவர்? அம்மா எங்கே உட்கார்ந்தார், என்ன வேலையாக இருந்தார், எந்தப் பாட்டு பிடித்தது, என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்டார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஹாலில் உட்கார்ந்தார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், எட்டும் பிடித்தது. கடைசியில், நிறுத்தத் தெரியாமல், "பிரிட்ஜ் பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்க அக்கா" என்று சேர்த்துவிட்டேன்.

"சிரிச்சாங்களா?"

"ரொம்ப."

அக்கா தோள் துண்டால் மேசையைத் துடைத்தார். பிறகு, "நல்லது தம்பி, ஒரு வீட்டுலயாவது போட்டீங்களே" என்று என் கையைத் தொட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார். நான் மீ கோரேங்கைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வீட்டை அவர் விடவே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்தம்மா, ஹாலில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே தன் பாட்டைக் கேட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். பெனடிக்ட் வந்து என்னிடம் சொல்வார். "உன் அம்மா ரொம்ப நல்லவங்க" என்பார். கீரை உட்பட எல்லாவற்றையும் அக்கா சொல்லியிருந்தார், சிரித்ததைத் தவிர. நானும் அதை யோசிக்கவில்லை. நான் கிள்ளான் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். இதற்குள் எனக்குக் கல்யாணம் ஆனது. கிளப் மூடியது, ஆ சோங் பினாங்குக்குப் போனான். டபுள் பேஸ் ஹால் மூலையில் தூசி பிடித்து நின்றது.

தொண்ணூறுகளில் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். செமினியில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினேன். பால் காய்ச்சுகிற நாளுக்குப் பெனடிக்டைக் கூப்பிட்டேன். அக்காவையும் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் வர மாட்டார் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அவரோ இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு வாழைத்தாரோடு, காலை பத்து மணிக்கு வந்து நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேராக அம்மாவிடம் போனார்.

"அம்மா, என் கேசட்ட வீட்டுல போட்டுக் கேட்டவங்க நீங்கதான். எத்தனையோ வருசமா உங்களப் பாக்கணும்னு இருந்தேன்."

"எந்தக் கசெட் பிள்ளை?" என்றார் அம்மா.

நான் வடைத் தட்டோடு நடுவில் நின்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அம்மாவிடமே கேட்டார். "தம்பி போட்டுக் காட்டலையாம்மா?"

"இவன் எனக்கு ஒண்டும் காட்டேல்லையே. நீங்கள் பாடுவியளோ? என்ன பாட்டு?"

அது பால் காய்ச்சிய வீடு. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒப்பாரி மாதிரிம்மா. ஆனா யாரும் சாகல. பல்லு, பஸ்ஸு, பிரிட்ஜு, இப்படித்தான்."

"பிரிட்ஜுக்கு ஒப்பாரியோ?" அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குப் பிடிக்காதெண்டு நினைச்சன் அம்மா."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனியோ?"

கேட்கவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மனுஷியோடு இத்தனை வருடம் பழகியும், பெற்ற தாயிடம் ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"எங்க அது? கொண்டு வா" என்றார் அம்மா. சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணி, இண்டைக்கு நல்ல நாள். உதைப் பிறகு கேப்பம்."

"ஒருத்தரும் சாகேல்லை எண்டு இந்தப் பிள்ளை சொல்லுது. பிறகென்ன?"

கட்டிப்போட்டிருந்த பெட்டிகளில் மூன்றைப் பிரித்துத்தான் கண்டெடுக்க முடிந்தது. பிளாஸ்டிக் தாள் பிரிக்காமல் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி நகத்தால் கிழித்தார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டுக் கேசட்டை மாற்றினேன். ஒரு சித்தி எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

முதலில் பல் பாட்டு. சிலர் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அடுத்தது பிரிட்ஜ். முதலில் என் பேஸ் நான்கு தட்டு, பிறகு அந்தக் குரல். வெள்ளைச் சட்டை மாப்பிள்ளை வந்தபோது வாசலில் நின்ற சித்திகூட வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு மேலே போனது.

"சோறு கொழம்பு வச்செடுக்க
சொந்தம் ஒன்னும் வீட்டில் இல்ல
தண்ணி போத்தல் ரெண்டுக்காகத்
தவிச்சு நீயும் நிக்கணுமா"

அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அக்காவைப் பார்த்து, "என்ர மூத்தவள் மெல்பேனுக்குப் போனாப் பிறகு எங்கட பிரிட்ஜுக்குள்ளயும் உதுதான் பிள்ளை. வெறும் தண்ணிப் போத்தில்" என்றார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகளுக்கு என்ன சமைத்துப் பிடிக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். அம்மா சொல்லிக்கொண்டே போனார். என் கூடப்பிறந்த அக்காள் ஆஸ்திரேலியாவுக்குப் போனதிலிருந்து அம்மா அவளைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சாப்பாடு முடிந்து, கார் நிற்கிற இடத்தில் நான் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார்.

"மன்னிச்சுருங்க அக்கா. பொய் சொல்லிட்டேன்."

"அது கெடக்கட்டும் தம்பி. வீட்டுல போடாதவங்க நீங்க ஒருத்தரா?" ஒரு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார். "ஆனா அவங்க சிரிச்சாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

நான் அடுத்த நாற்காலியை எடுத்தேன்.

"எம் மவ சிங்கப்பூர் பாக்டரி வேலைக்குன்னு வீட்ட விட்டுப் போனாளே, அந்த மாசம் கட்டுன பாட்டு அது. ஸ்டூடியோல நீங்கள்லாம் சிரிச்சீங்க. ஆம்பளைங்க, சிரிச்சிட்டுப் போறாங்கன்னு விட்டுட்டேன். புள்ளையப் பெத்த ஒருத்தங்களே சிரிச்சாங்கன்னதும், அப்ப நான் பாடுனதுதான் சரியில்ல போலன்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பாட்ட நான் வாயில எடுத்ததே இல்ல."

கடைசி நாற்காலியையும் அவரே அடுக்கினார். உள்ளே கேசட்டின் முதல் பக்கம் முடிந்துவிட்டிருந்தது. மறுபக்கத்தை எப்படிப் போடுவது என்று அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.